கெலோங் என்ற ஒரு சொல்

சிங்கப்பூரின் காலாங்கில் பழைய தேசிய விளையாட்டரங்கம் இருந்த காலத்தில், காற்பந்து ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அப்பா எங்களை அழைத்துப் போய்விடுவார். நீளமான மரப்பலகை இருக்கைகள். அதில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் பண்ணுவதற்காக எல்லாரும் இடுப்பை ஒடுக்கி உட்கார்வோம். கச்சாங் பூத்தே விற்பவரிடம் காகிதக் கூம்பில் கடலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால், முதல் பாதி முடியும்வரை அதுதான் சாப்பாடு. ஐம்பத்தைந்தாயிரம் பேர் கொள்ளும் அந்த அரங்கம் முழுதும் நிறைந்து எல்லாரும் ஒன்றாகக் காலால் தரையை உதைக்கும்போது, நாங்கள் உட்கார்ந்திருந்த பலகை அதிரும். அந்த அதிர்வு முதுகெலும்பில் ஏறியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. காலாங் கர்ஜனை என்று அதைத்தான் சொன்னார்கள்.

அதே அரங்கத்தில்தான் அந்தச் சொல்லையும் முதன்முதலாகக் கேட்டேன். எதிரணி உதைத்த பந்து எங்கள் கோல்காப்பாளரின் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து நின்று, “கெலோங் லா, கெலோங்!” என்று கத்தினார். அப்படியென்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். “மீன் பிடிக்கிற இடம்டா” என்றார். அது பதிலில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்பா சொன்னது பொய்யுமில்லை. கடலில் மரத்தூண்களை நட்டு அதன்மேல் கட்டிய மீன்பிடி மேடையைத்தான் மலாயில் கெலோங் என்பார்கள். ஒரு காலத்தில் சிங்கப்பூரைச் சுற்றிய கடலில் நிறைய இருந்தன. இன்று புலாவ் உபின் பக்கம் போனால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்க்கலாம். நீரோட்டத்துக்குக் குறுக்கே நெடுக மூங்கிலையும் கம்பையும் ஊன்றி வேலி போட்டிருப்பார்கள். மீன் வேலியில் முட்டி, அதன் ஓரமாகவே நீந்தி, தானே போய்க் கூண்டுக்குள் விழும். உள்ளே போன வழியில் வெளியே வரத் தெரியாது. யாரும் அதைத் துரத்துவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு முடிவை முன்கூட்டியே விற்ற ஆட்டத்துக்கு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஏன் இந்தப் பெயர் வந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். கூண்டில் விழுந்தவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, நாங்களும்தான்.

இன்று நாற்பதைத் தாண்டிய சிங்கப்பூர்த் தமிழர்களிடம் உள்ளூர்க் காற்பந்து பார்க்கிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சிரிப்பு வரும். “அதெல்லாம் 94ஓட சரி” என்பார்கள். ஏன் 94? அதற்கு முன்பு என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் அது புரியும்.

சிங்கப்பூரும் சேர்ந்து ஆடிய மலேசியக் கிண்ணப் போட்டி 1921ல் தொடங்கியது. மலாயா என்ற பெயருடைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் கொடுத்த கோப்பை அது. முதல் ஆண்டே சிங்கப்பூர் வென்றது. மொத்தத்தில் 24 முறை அந்தக் கிண்ணம் இங்கே வந்திருக்கிறது. என் அப்பாவின் தலைமுறைக்கு 1977தான் பெரிய ஆண்டு. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று வென்றார்கள். எஸ். ராஜகோபால் உதைத்தால் பந்து வாழைப்பழம் போல வளைந்து போகும் என்று அப்பா கையை வளைத்துக் காட்டுவார். சமட் அல்லாபிச்சை தற்காப்பில் நின்றால் ஜிப்ரால்டர் பாறை. ராஜகோபால், அல்லாபிச்சை என்று அந்தப் பெயர்களை அப்பா அழுத்திச் சொல்லும்போது, அதில் ஆட்டத்தைப் பற்றிய பெருமையோடு இன்னொன்றும் கலந்திருந்தது. செம்பவாங் கப்பல் பட்டறையில் நாள் முழுக்க வெல்டிங் செய்துவிட்டு வருகிற மனிதருக்கு, நம் பெயர் உள்ள ஒருவர் நாட்டுக்காக விளையாடுகிறார் என்பது சின்ன விஷயமில்லை.

எனக்கு வாய்த்தவர்கள் ஃபாண்டி அகமதுவும் வி. சுந்தரமூர்த்தியும். ஃபாண்டி 1983ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவுக்காக இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டவர். அது நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. ஆனாலும் நேரில் பார்த்தது மாதிரியே பள்ளியில் பேசுவேன். சுந்தரம் வேறு மாதிரி. பந்தை வைத்துக்கொண்டு எதிரே நிற்பவரை அவர் ஏமாற்றும் விதத்தில் ஒரு குறும்பு இருக்கும். 1993ல் புருணைக்கு எதிராக அவர் அந்தரத்தில் படுத்தபடி அடித்த சைக்கிள் கிக் கோலைப் பார்த்துவிட்டு, மறுநாள் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆறு பையன்கள் வரிசையாகச் சிமெண்டுத் தரையில் முதுகு அடிபட விழுந்தோம். என் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நீல அட்டை போட்ட ஒரு கணக்கு நோட்டில் செய்தித்தாள் படங்களை ஒட்டி வைத்திருந்தேன். கோந்து காய்ந்து பக்கங்கள் அப்பளம் மாதிரி மொடமொடவென்றிருக்கும். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தேதி, எதிரணி, கோல் எண்ணிக்கை. வீட்டுப்பாட நோட்டில்கூட அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

1994ல் அந்த நோட்டு வேகமாக நிறைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அப்பாஸ் சாட், செக் நாட்டு மிகால் வானா, தலைவராக ஃபாண்டி. சுந்தரத்தை அந்த ஆண்டு அணியில் சேர்க்கவில்லை என்று எனக்குக் கோபம். ஆனாலும் வெற்றிமேல் வெற்றி வந்துகொண்டிருந்தால் கோபம் எவ்வளவு நாள் தாங்கும்? பிறகு, பருவத்தின் நடுவிலேயே வானா ஆட்டத்தை விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். ஜாமீனில் வெளியே இருந்தபோது நாட்டைவிட்டே ஓடிவிட்டார். எங்களுக்கு அது ஒரு கெட்ட ஆளின் கதையாகத்தான் தெரிந்தது. ஒருத்தன் போனான், மற்றவர்கள் நம்மவர்கள்.

டிசம்பர் 17. ஷா ஆலம் அரங்கில் இறுதியாட்டம். ஆயிரக்கணக்கானோர் பேருந்து பிடித்து எல்லை தாண்டிப் போனார்கள். பாஹாங்கை 4-0 என்று வென்றோம். அப்பாஸ் மூன்று கோல், ஃபாண்டி ஒன்று. லீக், கிண்ணம் இரண்டும் நம்முடையது. தெருவெல்லாம் ஹாரன் சத்தம். மறுநாள் வந்த அப்பாஸின் படத்துக்கு என் நோட்டில் முழுப் பக்கம் கொடுத்தேன்.

அடுத்த ஆண்டே அதே அப்பாஸ் சாட் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. வானாவோடு சேர்ந்து ஆட்ட முடிவைத் தீர்மானிக்கச் சதி செய்ததாக வழக்கு. 50,000 வெள்ளி அபராதம், விளையாடத் தடை. அந்தச் செய்தித்தாளை அப்பா மடித்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனார். நான் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். கிழிக்கலாம் என்று நினைத்தேன். கோந்து நன்றாகப் பிடித்திருந்தது. இழுத்தால் பின்பக்கத்தில் இருந்த ஃபாண்டியும் கிழிவார். அப்படியே விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அப்போது விளங்காத ஒன்றைப் பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆட்டத்தை விற்பது என்றால் தோற்றுப்போவது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வென்ற ஆட்டத்தை எப்படி விற்க முடியும்?

முடியும். இந்த வட்டாரத்துச் சூதாட்டத்தில் வெறுமனே யார் வெல்வார் என்று பணம் கட்டுவதில்லை. பலமான அணி பலவீனமான அணிக்கு முன்கூட்டியே கோல் ‘கொடுக்க’ வேண்டும். ஆசிய ஹேண்டிகேப் என்று உலகம் முழுக்க அறியப்படுவது இதுதான். ஓர் அணி ஒன்றரை கோல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 2-0 என்று வென்றால் அதன்மேல் பணம் கட்டியவருக்கு லாபம். 1-0 என்று வென்றால், களத்தில் வெற்றி, பந்தயத்தில் தோல்வி. ஆகவே ஆட்டக்காரர் தன் அணியைத் தோற்கடிக்கத் தேவையே இல்லை. ஒரு கோல் போட்டபின் கொஞ்சம் சோம்பலாக ஓடினால் போதும். புள்ளியும் கிடைக்கும், ரசிகனும் கைதட்டுவான், பண உறையும் வந்து சேரும். இதற்கு நேரெதிராக, இன்னும் இரண்டு கோல் அடி என்று தூண்டிவிடுவதும் அதே வியாபாரத்தின் மறுபக்கம்தான்.

இதைப் புரிந்துகொண்ட நாள் எனக்கு மிகவும் மோசமான நாள். தோற்ற ஆட்டங்களைப் பற்றி மட்டும் சந்தேகம் இருந்தால், வென்ற ஆட்டங்களாவது நமக்கு மிஞ்சியிருக்கும். ஹேண்டிகேப் கணக்கு அதையும் எடுத்துக்கொண்டது. நோட்டில் ஒட்டியிருந்த ஒவ்வொரு 1-0வையும், ஒவ்வொரு 4-0வையும் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

மலேசியாவிலும் அதே காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் நீக்கப்பட்டார்கள், பலருக்குத் தடை. நுழைவுச்சீட்டு வருமானத்தில் பங்கு தொடர்பான சண்டையும் சேர்ந்துகொள்ள, 1995ல் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்தே விலகியது. 1996ல் எட்டுக் குழுக்களோடு சிங்கப்பூரின் சொந்த லீக்கான எஸ்-லீக் தொடங்கியது. 1999ல் அந்த லீக் ஆட்டங்களின்மேல் சட்டபூர்வமாகவே பந்தயம் கட்டலாம் என்று வந்தது. கறுப்புச் சந்தையை ஒடுக்கவும் காற்பந்துக்குப் பணம் சேர்க்கவும் அது தேவை என்று வாதிட்டார்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அரங்கத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையில் கடலைக்குப் பதில் பந்தயச் சீட்டைப் பார்த்தபோது, அவர் எந்த அணியின் ரசிகர் என்று கேட்பதில் பொருளில்லாமல் போனது.

வழக்குகளும் நிற்கவில்லை. 2001ல் கேலாங் யுனைட்டெட் குழுவின் ஜெர்மானியக் கோல்காப்பாளர் லுட்ஸ் ஃபன்னென்ஸ்டீலுக்கு ஐந்து மாதச் சிறை. தான் குற்றமற்றவர் என்றே அவர் சொல்லிவருகிறார். பிறகு லீக்கில் விளையாட வந்த சீனக் குழுக்களின் ஆட்டக்காரர்கள்மீதும் வழக்கு. 2013 ஏப்ரலில் தெம்பனிஸ் ரோவர்சும் இந்தியாவின் ஈஸ்ட் பெங்காலும் மோதும், ஆசியக் குழுக்களுக்கான ஏஎஃப்சி கிண்ண ஆட்டத்தை நடத்த வந்த மூன்று லெபனான் நடுவர்களை, ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிடித்தது. மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். நம் புலனாய்வாளர்கள் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்கள் என்பதற்கு அது சான்று. அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ரசிகன் மனத்தில் ஒவ்வொரு கைதும் இரண்டு விதமாக விழுகிறது. ஒருவன் பிடிபட்டான் என்பது ஒன்று. பிடிபடாதவர்கள் எத்தனை பேரோ என்பது மற்றொன்று.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமாகக் குத்தியது வேறொரு பெயர். 2011 பிப்ரவரியில் பின்லாந்தில் ஒரு சிங்கப்பூரர் போலிக் கடப்பிதழோடு பிடிபட்டார். வில்சன் ராஜ் பெருமாள். அங்கே ஆர்க்டிக் வட்டத்தருகே உள்ள ரோவனியெமி என்ற ஊரின் ஆட்டக்காரர்களுக்கு லஞ்சம் கொடுத்ததற்காக அதே ஆண்டு ஜூலையில் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. விசாரணை விரிய விரிய, வேறு நாடுகளில் நடந்தவையும் வெளியே வந்தன. 2010 செப்டம்பரில் பஹ்ரைனில் டோகோ நாட்டு அணி என்று ஓர் அணி வந்து விளையாடி 3-0 என்று தோற்றது. அப்படியோர் அணியை அனுப்பவே இல்லை என்று டோகோ சொன்னது. வந்தது போலி அணி! அந்த விவகாரத்தில் பெருமாளின் பெயரும் அடிபட்டது.

அந்த வேலை நடந்த விதம் எளிமையானது, அதனால்தான் பயமாக இருக்கிறது. ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் ஏழை நாட்டுக் காற்பந்துச் சங்கங்களை அணுகுவார்கள். நட்புமுறை ஆட்டம் ஒன்றை நாங்கள் நடத்தித் தருகிறோம், விமானச் செலவு, ஹோட்டல் எல்லாம் எங்கள் பொறுப்பு, நடுவரையும் நாங்களே கொண்டுவருகிறோம் என்பார்கள். சம்பளமே ஒழுங்காகக் கொடுக்க முடியாத சங்கம் சரி என்று சொல்லிவிடும். 2011 பிப்ரவரியில் துருக்கியின் அன்டாலியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. லாட்வியாவும் பொலிவியாவும் ஒன்று, எஸ்தோனியாவும் பல்கேரியாவும் மற்றொன்று. இரண்டிலுமாக ஏழு கோல். ஏழும் பெனால்டி. அவற்றை நடத்திய நடுவர்களுக்கு ஃபீஃபா வாழ்நாள் தடை விதித்தது. இந்த ஆட்டங்களுக்குப் பின்னாலும் சிங்கப்பூர்த் தொடர்புதான் பேசப்பட்டது.

2013 பிப்ரவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், ஐரோப்பாவில் மட்டும் 380 ஆட்டங்கள், உலகளவில் 680 ஆட்டங்கள் சந்தேகத்துக்குரியவை என்று அறிவித்தது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட கும்பலைக் குறிப்பிட்டுச் சொன்னது. அந்த வாரம் அலுவலகத்தில், லண்டன் கிளையிலிருந்து வந்திருந்த ஒருவர் என் பெயரைக் கேட்டுவிட்டு, அந்த மேட்ச் ஃபிக்சர் ஊர்க்காரரா என்று விளையாட்டாகக் கேட்டார். அவர் மனத்தில் விஷம் இல்லை. ஆனால் எனக்கு அப்பாவின் நினைவுதான் வந்தது. ராஜகோபால் என்ற பெயரை அழுத்திச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தியவர் அவர். என் காலத்தில் உலகத்துக்குத் தெரிந்த சிங்கப்பூர்த் தமிழ்க் காற்பந்துப் பெயர் பெருமாள் என்றாகிவிட்டது.

உள்ளூர்க் காற்பந்து சோர்ந்துபோனதற்கு வேறு காரணங்கள் சொல்வார்கள். இங்கிலாந்து லீக் தொலைக்காட்சியில் வந்துவிட்டது, மலேசியாவோடு இருந்த பழைய பகை போய்விட்டது, பழைய அரங்கம் 2010ல் இடிக்கப்பட்டுப் புதியது 2014ல்தான் திறந்தது, பிள்ளைகளுக்குத் துணைப்பாடம். எல்லாம் உண்மைதான். ஆனால் இங்கிலாந்து லீக்கை மட்டும் நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். அது எங்களை இழுத்துக்கொண்டு போகவில்லை; நாங்கள் அங்கே போய் ஒளிந்துகொண்டோம். மான்செஸ்டரில் விளையாடுபவர் எங்கள் வட்டாரத்து உணவங்காடியில் தே தாரே குடிக்க வரமாட்டார். அவருடைய மைத்துனர் யார், யாரோடு சுற்றுகிறார் என்று காப்பிக்கடையில் பேச்சு வராது. தூரத்தில் இருக்கும் நாயகனை நம்புவது சுலபம். உள்ளூர் ஆட்டக்காரரை நாங்கள் நேசித்ததற்குக் காரணமே அவர் பக்கத்தில் இருந்ததுதான். சந்தேகம் வந்தபோது அந்த நெருக்கமே அவருக்கு எதிராகிப்போனது.

இதில் அநியாயம் நேர்ந்தது நேர்மையாக விளையாடியவர்களுக்கு. அவர்கள்தான் பெரும்பான்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன். குறைந்த சம்பளம், முட்டியில் காயம், முப்பது வயதைத் தாண்டினால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்ற கவலை. இவ்வளவுக்கும் நடுவே மழையில் சறுக்கி ஒரு பந்தைத் தவறவிட்டால், அரங்கத்தில் இருக்கிற நானூறு பேரில் ஒருவர் அந்தச் சொல்லைக் கத்துவார். மனிதன் தவறு செய்வான் என்ற சலுகையை நாங்கள் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டோம். நானும் கத்தியிருக்கிறேன். ஜாலான் புசார் அரங்கில் ஒருமுறை இளம் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தவறாகத் திருப்பிக் கொடுத்துக் கோலானது. என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது. அவருக்குக் கேட்டிருக்கும், அவ்வளவு பக்கத்தில் இருந்தேன். அவர் திரும்பிப் பார்த்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. இருபது வயதுகூட இருக்காது.

நாயகர்கள் வேறு விதமாகவும் இறங்கி வரலாம். சுந்தரமூர்த்தி 2016ல் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரானார். வெற்றி அபூர்வமாகத்தான் வந்தது. ரசிகர்கள் கடுமையாகப் பேசினார்கள். 2018ல் விலகினார். அணி பின்னுக்குப் போய்த் தற்காத்துத் தற்காத்துத் தோற்றுக்கொண்டிருந்த அந்த ஆட்டங்களைப் பார்க்கையில், அந்தரத்தில் சைக்கிள் கிக் அடித்த மனிதரா இவர் என்று நெஞ்சு வலித்தது. ஆனால் அந்த வலியில் கசப்பு இல்லை. அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். பழைய கோல் பழைய இடத்தில் அப்படியே இருக்கிறது. முயன்று தோற்றவர் நம்மிடமிருந்து எதையும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. ஆட்டத்தை விற்றவர், நாம் ஏற்கெனவே அனுபவித்து முடித்த சந்தோஷத்தையும் திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போகிறார். இந்த இரண்டையும் ஏமாற்றம் என்ற ஒரே சொல்லில் அடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் கை டாக் அரங்கில் ஆசியக் கிண்ணத் தகுதியாட்டம். பல ஆண்டுகளுக்குப் பிறகு நான், அப்பா, மகன் மூவரும் ஒரே சோபாவில். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தத்தை ஏற்றி வைத்திருந்தோம். முதல் பாதியில் ஹாங்காங் கோல் போட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்தச் சொல் இருவர் வாயிலும் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. மகன் நடுவில் உட்கார்ந்திருந்தான். இருவருமே அதை விழுங்கிக்கொண்டோம்.

“பரவால்ல தாத்தா, இன்னும் டைம் இருக்கு” என்றான் அவன்.

இரண்டாம் பாதியில் ஷவால் அனுவார் சமன் செய்தார். கொஞ்ச நேரத்திலேயே இரண்டாவது கோல். போட்டவர் இல்ஹான் ஃபாண்டி. ஃபாண்டியின் மகன். ஆட்டம் 2-1. 1984ல் ஆசியக் கிண்ணத்தை ஏற்று நடத்தியபோது கிடைத்த இடத்தைத் தவிர, சிங்கப்பூர் தானாகத் தகுதிபெற்றது அதுவே முதல் முறை.

மகன் சோபாமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளறைக்குப் போய் அலமாரியின் அடித்தட்டில் இருந்த நீல அட்டை நோட்டை எடுத்துவந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டி, ஃபாண்டி இருக்கும் பக்கத்தில் நிறுத்திப் பேரனிடம் காட்டினார். அவன் அதைப் பார்த்துவிட்டு, தானே பக்கத்தைத் திருப்பினான். அப்பாஸ் சாட் இரண்டு கையையும் விரித்தபடி ஓடிவந்துகொண்டிருந்தார்.

“இவரு யாருப்பா?” என்றான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“உட்காரு, சொல்றேன்” என்றேன்.